டிஸ்க் ஃபுல்லுன்னா எந்த டிஸ்க்கு? விஎம்ல கேம் ஆடுறவங்களுக்கான பதில்கள்

விர்ச்சுவல் மெஷின்ல, அதாவது பிசிக்குள்ள மென்பொருளா ஓடுற இன்னொரு பிசியில (சுருக்கமா விஎம்), கேம் ஆடுறவங்க அனுப்பின கேள்விகளை இந்த இதழ்ல ஒண்ணா சேத்துட்டோம், ஏன்னா முக்கால்வாசி பேருக்கு ஒரே பிரச்சினைதான், இடம் பத்தல. ஆனா விஎம்ல "இடம் இல்ல"ன்னு வந்தா அது ரெண்டு இடத்துல இருந்து வரலாம். உள்ள இருக்கற விண்டோஸோட சி டிரைவ் நிறைஞ்சிருக்கலாம், இல்லன்னா அந்த விஎம்மைத் தாங்கிட்டிருக்கற உங்க சொந்த பிசியோட டிஸ்க்கே நிறைஞ்சிருக்கலாம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, மாத்திப் பண்ணிட்டா இருக்கற கேம் சேவும் போயிடும். அதனால கீழ எந்த பதிலைப் படிச்சாலும், முதல்ல உங்களோடது எந்த ரகம்னு பாத்துக்கிட்டு அப்புறம் கை வைங்க.

கேள்வி: அண்ணா, என் பிசில உபுண்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி. லினக்ஸோட விஎம் வசதியான கேவிஎம்ல விண்டோஸ் 11 போட்டு கிராஃபிக்ஸ் கார்டை அதுக்கு நேரடியா குடுத்து (பாஸ்த்ரூ பண்ணி) கேம் ஆடுறேன். விஎம்முக்கு 120 ஜிபி குடுத்திருந்தேன், அது கிட்டத்தட்ட ஃபுல். பால்டர்ஸ் கேட் 3 போடணும்னு, விஎம்முக்கு டிஸ்க்கா இருக்கற இமேஜ் ஃபைலை 220 ஜிபின்னு ரீசைஸ் பண்ணிட்டேன், எரர் எதுவும் வரல, ஆனா உள்ள சி டிரைவ் இன்னும் பழைய சைஸ்லயே இருக்கு, எக்ஸ்டெண்ட் வால்யூம்ங்கிறது மங்கலா இருக்கு, கிளிக்கே ஆகல. ஃபைல் கெட்டுப்போச்சா?
*கல்லூரி மாணவர், சேலம்*

பதில்: ஒண்ணும் கெட்டுப்போகல தம்பி, பயப்படாதீங்க. நீங்க பெருசாக்கினது டிஸ்க்கை மட்டும்தான், அதுக்குள்ள இருக்கற பார்ட்டிஷன் தானா பெருசாகாது, அதை விண்டோஸ்ல தனியா நீட்டணும்.

விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து கீழ்ப்பாதியில டிஸ்க் 0-ன்னு இருக்கற வரிசையைப் பாருங்க. இடது ஓரத்துல சின்னதா ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், அதுக்கு அடுத்து நீலப் பட்டை போட்ட சி டிரைவ், அதுக்கு வலது பக்கம் சில நூறு எம்பியில ரிகவரின்னு ஒரு குட்டி பார்ட்டிஷன், அதையும் தாண்டித்தான் கறுப்புப் பட்டையோட அன்அலோகேட்டட் 100 ஜிபி இருக்கும். சி டிரைவை நீட்டணும்னா காலி இடம் அதை ஒட்டியே வலது பக்கம் இருக்கணும், நடுவுல இந்த ரிகவரி குறுக்க நிக்கறதாலதான் உங்களுக்கு எக்ஸ்டெண்ட் மங்கலா தெரியுது. புதுசா விண்டோஸ் 10, 11 போடுறவங்களுக்கு பெரும்பாலும் ரிகவரி சி டிரைவுக்கு அப்புறம்தான் வரும், அதனால இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்ல.

இதுக்கு வழி இருக்கு. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல ரீஏஜென்ட்-சி-ங்கிற கமாண்டை டிஸேபிள் ஆப்ஷனோட போட்டு ரிகவரியை நிறுத்துங்க, விஎம்மை ஷட்டவுன் பண்ணுங்க, ஜிபார்ட்டெட்ங்கிற பார்ட்டிஷன் டூலோட லைவ் ஐஎஸ்ஓவை விஎம்முக்கு சிடியா மாட்டி பூட் பண்ணி அந்த ரிகவரி பார்ட்டிஷனை கடைசி வரைக்கும் தள்ளிட்டு வெளிய வாங்க, அப்புறம் விண்டோஸ்ல போய் சி-யை நீட்டிட்டு ரீஏஜென்ட்-சி-யை எனேபிள் ஆப்ஷனோட போடுங்க, அவ்வளவுதான். சி டிரைவை ஜிபார்ட்டெட்லயே நீட்டாதீங்க, விண்டோஸ் 11-ல உங்களுக்குத் தெரியாமலே பிட்லாக்கர் (டிரைவை என்க்ரிப்ட் பண்ற வசதி) ஆன் ஆகி இருக்கலாம், என்க்ரிப்ட் ஆன டிரைவை நீட்டுற வேலையை விண்டோஸ் கிட்டயே விடறதுதான் பத்திரம். பிட்லாக்கர் இருந்தா அதோட ரிகவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு, அதை சஸ்பெண்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, விஎம் ஷட்டவுன்ல இருக்கறப்ப, அந்த இமேஜ் ஃபைலை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துடுங்க. பார்ட்டிஷன் நகருற நேரம் கரண்ட் போனா திரும்ப வர்றதுக்கு அந்த காப்பி மட்டும்தான் இருக்கும்.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும், உங்க விஷயத்துல நான் சி-யை நீட்டவே சொல்ல மாட்டேன். கணக்கு போட்டுப் பாருங்க, பால்டர்ஸ் கேட் 3 கேக்கறதே 150 ஜிபி, உங்க சி டிரைவ் ஏற்கனவே நிரம்பி இருக்கு, நீங்க சேத்தது 100. நீட்டினாலும் அந்த கேம் உள்ள போகாது. அதுக்கு பதிலா விஎம்மை நிர்வகிக்கற வெர்ட் மேனேஜர்ல ஆட் ஹார்டுவேர், ஸ்டோரேஜ்னு போய் 180 ஜிபிக்கு புதுசா ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு சேருங்க, பஸ் டைப் வெர்ட்ஐஓன்னு வைங்க, விண்டோஸுக்கு அந்த டிஸ்க் கண்ணுல படணும்னா வெர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓல இருக்கற டிரைவர் வேணும், அதைப் போட்டுட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஜிபிடின்னு இனிஷியலைஸ் பண்ணி, என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட ஃபைல் சிஸ்டம்) ஃபார்மட் பண்ணி, டி டிரைவ்னு பேர் வைங்க. ஸ்டீம்ல செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் டி-யைச் சேத்துட்டா, ஏற்கனவே சி-ல இருக்கற கேமையும் மூவ் பட்டன் அழுத்தி அங்க தள்ளிடலாம், திரும்ப டவுன்லோட் பண்ண வேண்டியதில்ல.

கேமுக்கு தனி டிஸ்க் வைக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு. சி-ல இருக்கறது விண்டோஸ், டிரைவர், பாஸ்த்ரூ செட்டிங்ஸ், பல கேம்களோட சேவ் ஃபைல், இதெல்லாம் போனா நாள்கணக்குல உக்காந்து திரும்பப் பண்ணணும். கேம் ஃபைல் போனா டவுன்லோட் போட்டா வந்துடும். ரெண்டையும் பிரிச்சு வச்சா பேக்கப் எடுக்க வேண்டியது சின்ன டிஸ்க் மட்டும்தான், சின்னதா இருந்தாதான் நாம பேக்கப் எடுக்கவே செய்வோம்.

இன்னொண்ணு, டி டிரைவ்ல கேம் சைஸுக்கு மேல கொஞ்சம் காலி எப்பவும் விட்டு வைங்க. ஸ்டீம் அப்டேட் வர்றப்ப பழைய ஃபைல் மேலயே நேரா எழுதாது, புது ஃபைலை தனி ஃபோல்டர்ல முழுசா கட்டிட்டு அப்புறம்தான் இடம் மாத்தும், பத்து இருபது ஜிபி ஒரே ஃபைலா வச்சிருக்கற கேம்ல டவுன்லோட் 2 ஜிபின்னு காட்டினாலும் டிஸ்க்ல அதைவிட பல மடங்கு இடம் கேக்கும்.

நீங்க ஏற்கனவே சேத்த அந்த 100 ஜிபி அன்அலோகேட்டடை அப்படியே விட்டுடுங்க. அதுல ஒண்ணும் எழுதாத வரைக்கும் உங்க எஸ்எஸ்டியில அது இடம் எடுக்காது. திரும்பச் சுருக்கறேன்னு இறங்காதீங்க, ஷ்ரிங்க் பண்றப்ப டிஸ்க்கோட வால் பக்கம் அப்படியே வெட்டுப்படும், அங்க என்ன இருக்குன்னு அந்த கமாண்ட் பாக்காது.

கேள்வி: சார், நடு கேம்ல ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்குது. வெர்ட் மேனேஜர்ல பாத்தா பாஸ்டு (நிறுத்தி வச்சிருக்கு)ன்னு இருக்கு, ரெஸ்யூம் அழுத்தினா ஒரு செகண்ட் ஓடி மறுபடி பாஸ்ட். விண்டோஸ் உள்ள 90 ஜிபி காலின்னு காட்டிட்டிருந்துச்சு. ரேம் பிரச்சினையா? ஃபோர்ஸ் ஆஃப் பண்ணலாமா?
*வாசகர், திருப்பூர்*

பதில்: ஃபோர்ஸ் ஆஃப் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. இது ரேம் இல்ல, உங்க லினக்ஸ் பக்கத்து டிஸ்க் ஃபுல்.

க்யூகவ்2-ங்கிற வகை இமேஜ் ஃபைலுக்கு ரெண்டு சைஸ் உண்டு. விஎம்மை ஓட்டுற மென்பொருளான க்யூஎமுவோட க்யூஎமு-இமேஜ் டூல்ல இன்ஃபோன்னு கேட்டா வர்ச்சுவல் சைஸ்னு ஒண்ணு, டிஸ்க் சைஸ்னு ஒண்ணு காட்டும். பட்டாவுல பத்து ஏக்கர் இருக்கும், உழவுல இருக்கறது ரெண்டு ஏக்கரா இருக்கும், அந்த மாதிரி. விண்டோஸ் பாக்கறது பட்டாவை மட்டும்தான், அதனால 90 ஜிபி காலின்னு அது நம்பிக்கிட்டு எழுதும், ஒவ்வொரு தடவை எழுதறப்பவும் வெளிய அந்த ஃபைல் வளரும், ஒரு கட்டத்துல உங்க எஸ்எஸ்டியில ஒரு எம்பி கூட மிச்சம் இல்லன்னா க்யூஎமு என்ன பண்ணும்னா, விண்டோஸுக்கு எரர் சொல்லாம விஎம்மையே நிறுத்தி வைக்கும். இது உங்க டேட்டாவைக் காப்பாத்தறதுக்காகவே செய்யற ஏற்பாடு. எழுத முடியாம நின்ன அந்த வேலை வரிசையில அப்படியே காத்துட்டிருக்கும், நீங்க வெளிய இடம் பண்ணிட்டு ரெஸ்யூம் கொடுத்தா விட்ட இடத்துல இருந்து எழுதிட்டு கேம் தொடரும். ஃபோர்ஸ் ஆஃப் பண்ணினா அந்த வரிசையும் போச்சு, ரேம்ல இருந்ததும் போச்சு, என்டிஎஃப்எஸ்ஸும் அடி வாங்கலாம். உறுதிப்படுத்தணும்னா வெர்ஷ் கமாண்ட்ல டொம்ப்ளக்எரர்னு விஎம் பேரோட போடுங்க, எந்த டிஸ்க்ல நோ ஸ்பேஸ்னு அதுவே சொல்லும்.

இப்ப வெளிய எங்க இடம் பண்றது? ட்ராஷ், டவுன்லோட்ஸ்ல கிடக்கற விண்டோஸ் ஐஎஸ்ஓ, ஏப்ட் கேஷ், ஸ்னாப்போட பழைய வெர்ஷன், இதுலயே சில ஜிபி வந்துடும். சிஸ்டம்டி ஜர்னல் லாக் அதிகபட்சம் 4 ஜிபி வரைக்கும் வளரும், அதை வேக்யூம் பண்ணிடலாம். டைம்ஷிஃப்ட்ங்கிற பேக்கப் டூல் வச்சிருக்கறவங்க அதோட எக்ஸ்க்ளூட் லிஸ்ட்ல, விஎம் இமேஜ் இருக்கற லிப்வெர்ட் இமேஜஸ் ஃபோல்டர் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, இல்லன்னா பேக்கப் ஓடுற ஒவ்வொரு தடவையும் மொத்த விஎம் இமேஜும் காப்பி ஆகும், டிஸ்க் சத்தமில்லாம நிறையறதுக்கு இது ஒண்ணே போதும். அவசரத்துக்கு இன்னொரு வழி, லினக்ஸோட ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-ல 5 சதவீதம் ரூட்டுக்குன்னு (அட்மின் யூசர்) ஒதுக்கி வச்சிருக்கும், உபுண்டுல க்யூஎமு ரூட்டா ஓடாததால அந்த இடத்தை அதால தொட முடியாது, ட்யூன்2எஃப்எஸ் வச்சு அதை 1 சதவீதமா குறைச்சா 500 ஜிபி டிஸ்க்ல 20 ஜிபி கிட்ட உடனே கிடைக்கும். நிரந்தரமா அப்படி விடுறது நல்லதில்ல, விஎம்மை ஒழுங்கா ஷட்டவுன் பண்ற வரைக்கும் கை கொடுக்கும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் செஞ்சுடாதீங்க. இமேஜஸ் ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு மூணு ஃபைல் இருந்தா, பழைய தேதி போட்டது தேவையில்லாததுன்னு நினைச்சு டெலீட் பண்ணக் கூடாது. எக்ஸ்டர்னல் ஸ்னாப்ஷாட் (விஎம்மோட அப்போதைய நிலையை அப்படியே நிறுத்தி வச்சு, மாத்தத்தைத் தனி ஃபைல்ல எழுதறது) எடுத்திருந்தா அந்த பழைய ஃபைல்தான் அடித்தளம், அதுக்கு அப்புறம் நடந்த மாத்தம் மட்டும்தான் புது ஃபைல்ல இருக்கும். பழசை அழிச்சா புதுசும் பயன்படாது, மொத்த விண்டோஸும் போயிடும். இன்ஃபோ போட்டுப் பாத்தா பேக்கிங் ஃபைல்னு ஒரு வரி வரும், அந்த வரியில எந்தப் பேர் இருக்கோ அதைத் தொடவே கூடாது. ஸ்னாப்ஷாட் வேணாம்னா பிளாக்கமிட் கமாண்ட் வச்சு ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டு அப்புறம்தான் மிச்சத்தை அழிக்கணும்.

கேள்வி: உள்ள 80 ஜிபி கேம் ஒண்ணை அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன், ரீசைக்கிள் பின்னும் காலி. ஆனா லினக்ஸ்ல இமேஜ் ஃபைல் ஒரு எம்பி கூட குறையல. காலி இடத்தை எல்லாம் ஜீரோவா நிரப்புற டூல் ஓட்டினா குறையும்னு ஒரு நண்பர் சொல்றார், ஓட்டலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

பதில்: ஓட்டாதீங்க, அதுவும் வெளிய டிஸ்க் நெருக்கடியா இருக்கறப்ப. ஜீரோவும் டேட்டாதான். அந்த டூல் காலி இடம் முழுக்க ஜீரோ எழுதும், எழுத எழுத இமேஜ் ஃபைல் வர்ச்சுவல் சைஸ் வரைக்கும் ஊதிப் பெருகும், அதுக்கு அப்புறம் கன்வர்ட் பண்ணித்தான் சுருக்கணும், கன்வர்ட் பண்றதுக்கு இன்னொரு ஃபைலுக்கான இடமும் வேணும். இடம் இல்லாதவர் கிட்ட இந்த யோசனையைச் சொன்னா மேல திருப்பூர் வாசகருக்கு நடந்ததுதான் நடக்கும்.

சரியான வழி டிஸ்கார்டு. விண்டோஸ்ல ஒரு ஃபைலை அழிச்சா விண்டோஸுக்கு மட்டும்தான் அந்த இடம் காலின்னு தெரியும், வெளிய இருக்கற க்யூஎமுவுக்கு யாரும் சொல்லல. எஸ்எஸ்டிக்கு ட்ரிம்னு ஒரு சேதி போகுமே, அதே சேதியை விஎம் டிஸ்க்குக்கும் போக வைக்கணும். விஎம்மை ஷட்டவுன் பண்ணிட்டு வெர்ட் மேனேஜர்ல அந்த டிஸ்க்கோட அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல டிஸ்கார்டு மோடை அன்மேப்னு மாத்துங்க. டிஸ்க் வெர்ட்ஐஓ பிளாக்கா இருந்தா க்யூஎமு 4.0-க்கு மேல இருக்கணும், அது 2019-லயே வந்துடுச்சு, இப்ப இருக்கற எந்த டிஸ்ட்ரோவுலயும் பிரச்சினை இல்ல.

திரும்ப விண்டோஸை ஏத்தி டீஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸைத் திறங்க. மீடியா டைப்ங்கிற இடத்துல முன்னாடி ஹார்டு டிஸ்க் டிரைவ்னு இருந்தது இப்ப தின் ப்ரொவிஷண்டு டிரைவ்னு மாறி இருக்கணும், அப்படி மாறி இருந்தா சேதி போகுதுன்னு அர்த்தம், ஆப்டிமைஸ் அழுத்துங்க. மாறலன்னா விஎம்மை ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிட்டு விட்டிருப்பீங்க, முழுசா ஷட்டவுன் பண்ணி ஏத்துங்க.

அதுக்கப்புறம் செக் பண்றப்ப நிறைய பேர் ஏமாந்துடறாங்க. எல்எஸ் கமாண்ட் பழைய சைஸையே காட்டும், ஏன்னா ஃபைலோட நீளம் மாறல, நடுவுல இருந்த பகுதி மட்டும்தான் டிஸ்க்குக்கு திரும்பிப் போயிருக்கு. டியூ கமாண்ட்ல பாருங்க, இல்ல இன்ஃபோல டிஸ்க் சைஸ் பாருங்க, உங்க 80 ஜிபி குறைஞ்சிருக்கறது அங்கதான் தெரியும். அதே ஃபைலுக்குள்ள எடுத்த இன்டர்னல் ஸ்னாப்ஷாட் இருந்தா மட்டும் குறையாது, அழிச்ச கேம் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குள்ள இன்னும் உயிரோட இருக்கும்.

கேள்வி: சி டிரைவ்ல என்னதான் எடம் எடுக்குதுன்னே தெரியல, கேம் ஒண்ணு கூட அங்க இல்ல.
*வாசகி, மதுரை*

பதில்: ஹைபர்ஃபில்ங்கிற ஃபைலைத்தான் முதல்ல பாருங்கம்மா. கேம் விஎம்முக்கு ஹைபர்னேட் எதுக்கும் உதவாது, பவர்சிஎஃப்ஜி கமாண்ட்ல ஹெச் ஆஃப்னு போட்டா அந்த ஃபைல் போயிடும், விஎம்முக்கு 16 ஜிபி ரேம் குடுத்திருந்தா இதுலயே 6 ஜிபி கிட்ட மிச்சம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேந்து ஆஃப் ஆகும், அது ரொம்ப நல்லது, ஏன்னு கடைசி பதில்ல சொல்றேன். அடுத்து விண்டோஸ்.ஓல்டு, டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல், டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ், இது மூணும் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கத்துலயோ டிஸ்க் க்ளீனப்லயோ வந்துடும். ஷேடர் கேஷை அழிச்சா அடுத்த தடவை கேம் ஆரம்பத்துல கொஞ்சம் திணறும், அப்புறம் சரியாயிடும். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரை மட்டும் கையால அழிக்காதீங்க, அதை டிஸ்ம் கமாண்ட் வழியாத்தான் சுத்தம் பண்ணணும்.

கேள்வி: வாலரண்ட்டுக்காக விஎம் டிஸ்க்கைப் பெருசாக்கணும், எவ்வளவு வைக்கலாம்?
*பள்ளி மாணவர், வேலூர்*

பதில்: அதுக்காக பெருசாக்காதீங்க தம்பி, வாலரண்ட்டோட வேன்கார்டு ஆன்டிசீட் விஎம்ல ஓட விடாது. மறைச்சு ஓட்டுறேன்னு போனா அக்கவுண்ட்டே பேன் ஆகற ஆபத்து இருக்கு.

கேள்வி: வெர்ச்சுவல்பாக்ஸ்ல 50 ஜிபி விடிஐ (அதோட இமேஜ் ஃபைல்) வச்சிருக்கேன், அதை 150 ஆக்கி கேம் போடலாமா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

பதில்: ஆக்குறது சுலபம், டைனமிக் விடிஐயா இருந்தா வர்ச்சுவல் மீடியா மேனேஜர்ல ஒரு ஸ்லைடரை இழுத்தாலே போதும், அப்புறம் சேலம் தம்பிக்குச் சொன்ன மாதிரி உள்ள பார்ட்டிஷனை நீட்டணும். ஆனா 150 ஜிபி கேக்கற கேம் அதுல ஓடும்னு நம்பி இடம் ஒதுக்காதீங்க, வெர்ச்சுவல்பாக்ஸ்ல பிசிஐ பாஸ்த்ரூ 6.1 வெர்ஷன்லயே எடுத்துட்டாங்க, உங்க கிராஃபிக்ஸ் கார்டு நேரடியா உள்ள போகாது. பழைய 2டி கேம், சின்ன இண்டி கேம்னா தாராளமா ஆடலாம், அதுக்கு 50 ஜிபியே போதும்.

கேள்வி: வாடகைக்கு கிளவுட்ல ஜிபியு மெஷின் எடுத்து வாரக் கடைசியில கேம் ஆடுறேன், அமேசானோட ஏடபிள்யூஎஸ்ல ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ்ங்கிற மெஷின். சி-ல இடம் இல்லன்னு அதுல சும்மா இருந்த 125 ஜிபி என்விஎம்ஈல கேமைப் போட்டேன். அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்ணினா டிஸ்க்கே காலி.
*வாசகர், பெங்களூரு*

பதில்: மனசுக்கு கஷ்டமா இருக்கு, ஆனா அது திரும்ப வராது. அந்த 125 ஜிபி இன்ஸ்டன்ஸ் ஸ்டோர், மெஷினை ஸ்டாப் பண்ணின உடனே அதுல இருக்கறது அத்தனையும் போயிடும், அது அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க. நிலைக்கணும்னா ஈபிஎஸ் வால்யூம்ல வைக்கணும். ஈபிஎஸ்ஸை ஓடிட்டிருக்கறப்பவே பெருசாக்கலாம், ஆனா சுருக்க முடியாது, மெஷின் நிறுத்தி வச்சிருந்தாலும் ஈபிஎஸ்ஸுக்கு ஜிபி கணக்குல மாசாமாசம் காசு ஏறிட்டே இருக்கும். அதனால சி-யைப் பெருசாக்காம தனி வால்யூம் ஒண்ணு கேமுக்குன்னு சேருங்க, அந்த கேம் முடிஞ்சதும் அந்த வால்யூமை மட்டும் அழிச்சா பில் நிக்கும். வேகமா டவுன்லோட் ஆகற கேமை என்விஎம்ஈல போட்டு அன்னிக்கே ஆடி முடிக்கறதும் ஒரு வழிதான், சேவ் ஃபைல் மட்டும் சி-ல இருக்கான்னு பாத்துக்கங்க, ஸ்டீம் கிளவுட் எல்லா கேமுக்கும் கிடையாது.

கேள்வி: அண்ணே, புதுசா 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிட்டேன். இதை முழுசா விஎம்முக்கே குடுத்துட்டு, லினக்ஸ்லயும் மவுண்ட் பண்ணி ரெண்டு பக்கமும் அதே ஸ்டீம் லைப்ரரியைப் பயன்படுத்தலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

பதில்: முழுசா குடுக்கறது நல்ல முடிவு. இமேஜ் ஃபைல் கணக்கெல்லாம் இல்லாம உண்மையான டிஸ்க்கே உள்ள தெரியும், விண்டோஸ் காட்டுற காலி இடமும் உண்மையான காலி இடமும் ஒண்ணா இருக்கும். குடுக்கறப்ப எஸ்டிஏ, எஸ்டிபின்னு இருக்கற பேர்ல குடுக்காதீங்க, அந்தப் பேர் பூட்டுக்கு பூட் மாறலாம், பை-ஐடி ஃபோல்டர்ல மாடலும் சீரியல் நம்பரும் சேந்த பேர் இருக்கும், அதைக் குடுங்க. என்விஎம்ஈயா இருந்தா கிராஃபிக்ஸ் கார்டு மாதிரியே பிசிஐ பாஸ்த்ரூவும் பண்ணலாம்.

ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மவுண்ட் பண்ணவே கூடாது. என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 ரெண்டுமே ஒரு டிஸ்க்கை ஒரே ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் கையாளுதுங்கிற நம்பிக்கையில எழுதினது. விண்டோஸ் ஒரு ஃபைல் டேபிளை மனசுல வச்சு எழுதும், லினக்ஸ் இன்னொண்ணை மனசுல வச்சு எழுதும், கொஞ்ச நேரத்துல ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு எழுதி மொத்த டிரைவும் குப்பையாயிடும், ரிப்பேர் டூல் ஓட்டினாலும் பாதி ஃபைல் வராது. விஎம் முழுசா ஷட்டவுன் ஆன பிறகு லினக்ஸ்ல மவுண்ட் பண்ணலாம், அதுக்குத்தான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆஃப்ல இருக்கணும்னு மதுரை வாசகிக்கு சொன்னேன், அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி தூக்கத்துலதான் இருக்கும், டிஸ்க்கும் மூடப்படாம இருக்கும்.

லினக்ஸ்ல டெஸ்க்டாப் தானாவே டிரைவை மவுண்ட் பண்ற பழக்கம் வேற இருக்கு, ஃபைல் மேனேஜர்ல அந்த எஸ்எஸ்டி மேல தெரியாத்தனமா ஒரு கிளிக் பட்டாலே மவுண்ட் ஆயிடும். எந்த டிரைவை எப்படி மவுண்ட் பண்ணணும்னு எழுதி இருக்கற எஃப்எஸ்டேப் ஃபைல்ல அந்த பார்ட்டிஷனோட அடையாள எண்ணை (யூயூஐடி) போட்டு நோஆட்டோன்னு ஒரு வரி சேத்துடுங்க, பூட் ஆகறப்ப தானா மவுண்ட் ஆகாது, சாதா யூசர் கிளிக் பண்ணினாலும் மவுண்ட் ஆகாது. வீட்ல வேற யாராவது அதே பிசியை எடுக்கறாங்கன்னா இன்னிக்கே அந்த வரியைப் போட்டுடுங்க.